முண்டாசுக்காரன் வரும் நேரம்

டிவியின் சத்தத்தை ஃபஹ்மிதா சுத்தமாகக் குறைத்துத்தான் வைத்திருந்தாள். உட்காரும்போது ஒருமுறை, உட்கார்ந்த பிறகு ஒருமுறை என்று குறைத்த பொத்தானையே மறுபடி அமுக்கிப் பார்த்துக்கொள்வது அவள் வழக்கம். அப்படியும் அந்தப் பாட்டு கேட்டது. முண்டாசுக்காரன் மண்வெட்டியைத் தூக்கியதும் வருகிற அதே டிங்கு டிங்கு. டிவியிலிருந்து அல்ல, பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து.

கையிலிருந்த கேம் கைப்பிடியை மடியில் போட்டாள். திரையில் முண்டாசுக்காரன் வெட்டுவதை நிறுத்தினான். நின்றவனை எலி வந்து கடித்தது. அவன் விழும்போது வருகிற டொய்ங் சத்தமும் சுவருக்குள்ளேயே கேட்டது.

பயம் தெளிய ஆயத்துல் குர்ஸியை ஓதி இடமும் வலமும் ஊதினாள். பிறகு வயரையெல்லாம் பிடுங்கி, கேம் பெட்டியை அம்மாவின் பழைய சேலையில் முன்பிருந்த மடிப்பு மாறாமல் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பள்ளிவாசலில் சாயங்கால அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பயந்தவளுக்குச் சுவரும் பாடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பயம் இல்லாமல் எப்படி இருக்கும்? நடந்தது முழுக்கத் திருட்டு விளையாட்டு.

பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் கேபிளைப் பிடுங்கிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். குத்தாலத்துக்குத் தெற்கே வயலுக்கு நடுவில் கிடக்கும் அந்தச் சின்ன ஊருக்குக் கேபிள் வந்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வழக்கமும் வந்துவிட்டது. அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் ஃபஹ்மிதாவின் அம்மா ஆயிஷா, டிவிக்குப் பின்னாலிருந்து வயரை உருவி, சுருட்டி, ஆணியில் மாட்டினாள். கேபிள்கார ரெத்தினத்திடம் சொல்லவில்லை. சொன்னால் இணைப்பையே வெட்டிவிடுவான், திரும்பக் கொடுக்க ஒரு மாதம் இழுத்தடிப்பான். அதனால் வயர் உயிரோடுதான் ஆணியில் தொங்கியது.

ஸ்டடி லீவு விட்டதும் ஆயிஷா இன்னொன்றும் செய்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டு ராசம்மாளிடம் போய்விடுவாள். அங்கே மதியத் தொடர் பார்த்துவிட்டு அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் திரும்புவாள். பிள்ளை தொந்தரவில்லாமல் படிக்கட்டும் என்று ஏற்பாடு.

பிள்ளை தொந்தரவில்லாமல் அலமாரியைத் திறந்தது.

அலமாரியில் இருந்தது சார்ஜாவிலிருந்து அத்தா அனுப்பிய டிவி கேம். ஆயிஷாவின் கணவரான அத்தா ஹபீப் முகம்மது, அங்கே கூட வேலை பார்த்த ஒருவர் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டிருந்தார். டிபன் டப்பா அளவில் சாம்பல் நிறப் பெட்டி, வயர் வைத்த இரண்டு கைப்பிடிகள், ஒரே ஒரு கேசட். பரீட்சை முடிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார். ஆயிஷா அதைக் கையில் வாங்கி, அட்டைப் பெட்டியின் மேலிருந்த படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, சேலையில் சுற்றி உள்ளே வைத்தாள்.

அந்த வகைச் சாமான் ஃபஹ்மிதாவுக்குப் புதிதில்லை. போன பெருநாளுக்குத் துணி எடுக்கக் கும்பகோணம் போயிருந்தபோது, பாத்திரக் கடைக்கு எதிரே ஒரு வீடியோ கேம்ஸ் கடை இருந்தது. உள்ளே இருட்டு. பையன்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஆள் உயரப் பெட்டிகளின் வெளிச்சம் அவர்கள் சட்டையில் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. பெண் பிள்ளைகள் அந்த வாசற்படி ஏற முடியாது. ரோட்டின் இந்தப் பக்கம் நின்றே சத்தத்தைக் காதால் குடித்தாள். அன்று ஒரு வேடிக்கை நடந்தது. பித்தளைக் குடத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த அம்மா, எதிர்க்கடையிலிருந்து ஒரு பாட்டு வந்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்துக் குடத்தை வாங்கிக்கொண்டாள். கடைக்காரருக்கே அது தாங்கவில்லை.

முதல் நாள் பெட்டியை மாட்டத்தான் பெரும்பாடு. கேசட் உடனே வேலை செய்யாது. கழற்றி, வாயால் ஊதி, திரும்பச் சொருக வேண்டும். கூடவே உள்ளங்கை அளவில் ஒரு சின்ன டப்பா வந்திருந்தது. அதில் ஒரு வயர் டிவிக்குப் போனது. ஒரு ஓட்டையில் கேம் பெட்டியின் வயர் போனது. இன்னொரு ஓட்டை காலியாக இருந்தது. ஓட்டை என்று ஒன்றிருந்தால் அதற்கு ஒரு வயர் இருந்தாக வேண்டும் என்று ஃபஹ்மிதா யோசித்தாள். ஆணியில் கேபிள் வயர் சும்மாதானே தொங்குகிறது? எடுத்துச் சொருகினாள். அளவாகப் பொருந்தியது. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டாள்.

திரையில் அவன் வந்தான். தலையில் முண்டாசு, தோளில் மண்வெட்டி. மேலே ஏரி, கீழே காய்ந்த பயிர், நடுவில் வெறும் மண். அவன் மண்ணை வெட்டிக்கொண்டே இறங்க வேண்டும். வெட்டின வழியே தண்ணீர் பின்னாலேயே வரும். வளைக்குள்ளிருந்து எலிகள் துரத்தும். ஆங்காங்கே நீலப் பலகையாக மடைகள். ஒரு பொத்தானை அமுக்கினால் மடை திறக்கும், இன்னொன்றை அமுக்கினால் மூடும். எலியைத் தண்ணீரில் முழுகடிக்கலாம். கணக்குத் தப்பினால் அவனே முழுகிப்போவான். எல்லாப் பயிரும் பச்சையானால் அடுத்த கட்டம்.

இப்படித்தான் தினமும் மதியம் அவள் வாய்க்கால் வெட்டினாள். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காகவே படித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளையாடின குற்றத்துக்குப் பரிகாரமாக விடியலில் எழுந்து கணக்குப் போட்டாள். ஆனாலும் நஜ்மா மாமிக்குத் தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சு.

நஜ்மா மாமி அத்தாவின் அக்கா. நாலு வீடு தள்ளித்தான் குடியிருந்தாள். ஊரில் பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. பதினொன்றாவது என்றால் பஸ் ஏறிக் குத்தாலம் போக வேண்டும். வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பத்தாவது போதும் என்பது மாமியின் முடிவு. அத்தா எந்த விஷயத்திலும் அக்கா பேச்சைத் தட்டாதவர். ஆயிஷா மட்டும்தான் விடாமல் எதிர்த்துப் பேசினாள். கடைசியில் மாமி, பிள்ளை நிஜமாகவே படிப்புப் பிள்ளையாக இருந்தால் பார்க்கலாம் என்று ஒரு படி இறங்கி வந்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள், நானே அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை என்று ஆயிஷா நெஞ்சைத் தொட்டுச் சொல்லியிருந்தாள். அம்மாவின் அந்த வார்த்தை மேல் உட்கார்ந்துகொண்டுதான் ஃபஹ்மிதா எலி அடித்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டால் அடி விழும், அதுகூடப் பெரிதில்லை. குத்தாலம் பஸ் போய்விடும்.

சுவர் பாடிய அன்றோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. இரண்டு ஏரிக் கட்டத்தில் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். அதில் இடது மூலையில் ஒரு ஏரி, வலது மூலையில் ஒரு ஏரி. ஒன்றைத் திறந்தால் எலி சாகவில்லை. இரண்டையும் திறந்தால் முண்டாசுக்காரன் செத்தான். இரவு சோற்றைப் பிசையும்போதுகூடச் சோற்றில் பாத்தி கட்டி, ரசத்தை விட்டுப் பார்த்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து மெல்ல எதையோ முணுமுணுத்தபடி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். டிங்கு டிங்கு. ஃபஹ்மிதாவுக்குப் புரையேறியது. அம்மா தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கொல்லையில் துணி காயப்போடும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் ராசம்மாளின் புருஷன் ஐயாவு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஐயாவு வீட்டார் முன்பு கூலிக்கு நாற்று நட்டவர்கள். இப்போது சொந்தமாக ஆறேழு ஏக்கர் வரும் ஒரு வேலி நிலமும், துபாய் போன குடும்பம் விற்றுவிட்டுப் போன இந்தக் கல்லு வீடும் அவர்களுடையது. உளுந்தும் எடுத்தாகிவிட்டது, வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மனுஷருக்கு மதியத்தில் வேலை எதுவும் இல்லை. காதும் கொஞ்சம் மந்தம், அதனால் பேச்செல்லாம் தெருவுக்கே கேட்கும்.

"கீழ் மடைய அடைக்காம மேல் மடையத் திறக்கறான் பாரு. இவன்லாம் யாருகிட்ட வேல கத்துக்கிட்டான்? மொதல்ல கீழ அடைக்கணும். அப்பறம் மேல தொறந்தா எலி எங்க போவும்?"

பண்ணையாள் யாருக்கோ விழுகிற வசவு என்று ஃபஹ்மிதா நினைத்தாள். ஆனால் காதில் விழுந்தது மனசில் தங்கிவிட்டது. அன்று மதியம் இரண்டு ஏரிக் கட்டம் வந்ததும், முதலில் கீழ் மடையை அடைத்தாள். பிறகு இடது ஏரியைத் திறந்தாள். இரண்டு எலிகள் மிதந்தன. வலது ஏரியையும் திறந்தாள். தண்ணீர் போக வழியில்லாமல் எக்கி மேலேறி, முண்டாசுக்காரனை முழுகடித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் சேர்ந்து "ஐயோ" என்றார்கள்.

அதைத் தொடர்ந்து ராசம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது. "ஒங்க பேச்சக் கேட்ட மாதிரியே செஞ்சான், செத்தான். இனிமே வாயத் தொறக்காதீங்க."

ஃபஹ்மிதா மெதுவாகக் கைப்பிடியை எடுத்தாள். அடுத்த உயிர் வந்திருந்தது. முண்டாசுக்காரனை இடப்பக்கம் ஒரு அடி, வலப்பக்கம் ஒரு அடி, மறுபடி இடப்பக்கம் ஒரு அடி என்று கூத்தாட வைத்தாள். சுவருக்கு அப்பால் சிரிப்பு. நிறுத்தினாள், சிரிப்பு நின்றது. ஆட வைத்தாள்; ஒரு குழந்தை கைதட்டியது.

அப்போதுதான் அந்தக் காலி ஓட்டையும், அதில் தான் சொருகின கேபிள் வயரும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. வயர் வழியாகப் படம் வரும் என்றுதான் அவளுக்குத் தெரியும். வந்த வழியே போகவும் போகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தனை நாளாக அவள் திருட்டுத்தனமாக விளையாடவில்லை. தெருவுக்கே போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

வாரிச் சுருட்டி அலமாரியில் போட்டாள். சேலை மடிப்பையெல்லாம் பார்க்கவில்லை.

அம்மா பாங்கு சொன்ன பிறகுதான் வந்தாள். எப்போதும்போல வாசலில் இரண்டு தரம் இருமினாள், செருப்பைச் சத்தமாகத் தட்டிக் கழற்றினாள், குழாயடியில் சாவகாசமாகக் கால் கழுவினாள். உள்ளே வந்து, தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் முண்டாசுக்காரன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தெருவுக்குப் பொறுக்கவில்லை.

நடந்தது இதுதான். முதல் நாள் மதியத் தொடரில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தபோது படம் கலங்கி, அவள் முகத்தைக் கிழித்துக்கொண்டு முண்டாசுக்காரன் இறங்கினான். ராசம்மாள் ரெத்தினத்தைப் பிடித்துச் சண்டை போட்டாள். ரெத்தினத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரே மின்கம்பத்துப் பெட்டியிலிருந்து இணைப்பு வாங்கியிருந்த அத்தனை வீட்டிலும் அழுகைக்குப் பதிலாக எலி வேட்டை தெரிகிறது, இரண்டே நாளில் ஜனங்கள் அதில் மயங்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும், அது நம்ம சேனலின் புது நிகழ்ச்சி, மெட்ராசிலிருந்து சொல்லி ஏற்பாடு செய்தேன் என்று மீசையைத் தடவிக்கொண்டான். ஐயாவுக்கு அதில் தனி ஆனந்தம். மேட்டூர் பூட்டிக் கிடக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் வந்து எத்தனை காலமாயிற்று, டிவியிலாவது வாய்க்கால் நிறைய ஓடுகிறதே என்று முதல் வரிசையில் உட்கார்ந்து சத்தத்தை ஏற்றி வைத்தார். இப்போது நிகழ்ச்சி நின்றுபோனதும் எல்லோரும் ரெத்தினத்தின் சட்டையைப் பிடித்தார்கள். பெருமை பேசின வாயால் தெரியாது என்று சொல்ல முடியாமல், அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வயரைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தான்.

அன்று மதியம் அம்மா வீட்டில்தான் இருந்தாள். ராசம்மாள் வீட்டில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது? ஃபஹ்மிதா கூடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்போது வாசலில் நிழல் விழுந்தது. நஜ்மா மாமி. வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டபடி உள்ளே வந்து, பிள்ளையையும் புத்தகத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஃபஹ்மிதா புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

மாமி வாயைத் திறப்பதற்குள் ரெத்தினம் வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் ஐயாவு, ராசம்மாள். கம்பத்திலிருந்து இறங்குகிற வயரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதாகவும், டிவிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவதாகவும் சொன்னான். ஆயிஷா தடுப்பதற்குள் குனிந்துவிட்டான்.

நிமிர்ந்தபோது அவன் கையில் அந்த உள்ளங்கை அளவு டப்பா தொங்கியது. கேபிள் வயர் அதில் சொருகினபடியே இருந்தது. அவசரத்தில் பெட்டியை எடுத்து வைத்தவள் அதைக் கழற்ற மறந்திருந்தாள்.

"இது என்னாக்கா?" என்றான் ரெத்தினம்.

மாமி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபஹ்மிதாவின் கண்ணுக்கு முன்னால் குத்தாலம் பஸ் அவளை ஏற்றாமல் வளைவில் திரும்பியது.

"அது என்னோடது" என்றாள் ஆயிஷா. "அவுக அனுப்பினது. நான்தான் போட்டுப் பாத்தேன்."

ராசம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் நினைத்ததை உள்ளே வைக்கத் தெரியாதவள். "நீ எப்படி? நீ எங்கூடத்தானே ஒக்காந்திருந்த, ஆயிஷா?"

ஆயிஷாவின் முகம் சிவந்தது. அம்மா பொய் சொல்லி ஃபஹ்மிதா கேட்டதில்லை. முதல் பொய்யே இப்படி நாலு பேர் முன்னால் பல்லிளித்துவிட்டது. மாட்டிக்கொண்டால் எப்படியிருக்கும் என்று அவள் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த எதிலும் அம்மா தலைகுனிந்து நிற்கவில்லை.

ஃபஹ்மிதா எழுந்து நின்றாள். "நான்தான் மாமி. தினமும் நான்தான் வெளயாண்டேன். அம்மாவுக்குத் தெரியாது."

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா?"

"ஆமா மாமி."

"அன்னிக்கு அவன இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா ஆட வச்சதும் நீதானா?"

ஃபஹ்மிதாவுக்குக் கேள்வி புரிய ஒரு நொடி ஆயிற்று. நாலு வீடு தள்ளி என்றாலும் கம்பம் ஒன்றுதான். கூடத்தில் எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏன் நிறுத்திட்டாங்கன்னு கேக்கத்தான் வந்தேன். ரெத்தினத்த நம்பறதுக்கில்ல. ரெண்டு ஏரியத் தாண்டினா என்னா வருதுன்னு யாருக்காச்சும் தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியும்" என்றாள் ஆயிஷா.

அலமாரியைத் திறந்து பெட்டியை அவளே எடுத்தாள், வயரை அவளே மாட்டினாள். கேசட்டை ஊதவில்லை, நுனியைச் சேலைத் தலைப்பில் துடைத்துச் சொருகினாள், முதல் தரத்திலேயே வேலை செய்தது. கேபிள் வயரைக் கழற்றப்போன ரெத்தினத்தைக் கையமர்த்தினாள். கைப்பிடியை மடியில் வைத்து விளையாட அவளுக்கு வரவில்லை. எழுந்தாள். அரிசி டிரம்மை இழுத்து டிவிக்கு முன்னால் போட்டு, அதன் மூடி மேல் கைப்பிடியை வைத்து, காலை அகட்டி நின்றாள். கும்பகோணத்துக் கடையில் பார்த்த அந்த முதுகுகளைப் போலவே அம்மாவின் முதுகு இருந்தது.

ஐயாவு தன் வீட்டுக்கு ஓடினார், அங்கே தெரிகிறதா என்று பார்க்க. "வந்துட்டான்" என்று சுவர் வழியாகச் சத்தம் வந்தது. பிறகு காலடிகள், கட்டில் இழுபடும் ஓசை, பாட்டு.

ஆயிஷா திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள், மாமிக்கா மகளுக்கா என்று தெரியாமல் பொதுவாக. கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் சார்ஜாவில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்குக் கீழே காசு போட்டு விளையாடுகிற பெட்டிகள் வரிசையாக இருந்த கூடம், அத்தா அதற்கு மெக்கானிக். மதிய வெயிலுக்கு அந்தக் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அழுதுகொண்டிருந்த பெண்டாட்டியை அத்தா கீழே கூட்டிப்போய், இதே முண்டாசுக்காரன் இருந்த பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, காசில்லாமலே ஓடவிட்டார். அவர் மற்ற பெட்டிகளைப் பழுது பார்ப்பார், இவள் வாய்க்கால் வெட்டுவாள். வெளியே ஊரே தூங்கும். ஃபஹ்மிதா வயிற்றில் தங்கி, ஊருக்கு அனுப்பிவைக்கும் வரை அப்படித்தான் போயிற்று.

"இதுல எலிக்கு வாலே இல்ல" என்றாள் ஆயிஷா. "அங்க வால் இருக்கும், ஓடறப்ப ஆட்டும். பாட்டுகூட நீளமா இருக்கும். இது வீட்டுக்குன்னு செஞ்சது, கொறச்சிருக்கான்."

ஃபஹ்மிதா மெதுவாகக் கேட்டாள். "மொத நாளே தெரியுமாம்மா?"

"பாட்டு வந்ததுமே தெரியும். ஊருக்குள்ள வேற எந்த வீட்டுல இருக்கு இது? முதுகுல ரெண்டு வைக்கணும்னுதான் எழுந்திரிச்சேன். அப்ப நீ மூணாவது கட்டத்துல பாதியில நின்ன. சரி, முடிக்கட்டும்னு உக்காந்தேன்." முண்டாசுக்காரனை ஒரு மடை தாண்ட வைத்துவிட்டு, "அப்பறம் எழுந்திரிக்கவே முடியல" என்றாள்.

அம்மா திரும்பி வரும்போதெல்லாம் வாசலில் இருமல், செருப்புச் சத்தம், சாவகாசமாகக் கால் கழுவினது. ஃபஹ்மிதாவுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது.

இரண்டு ஏரிக் கட்டம் வந்தது. மாமி கட்டிலின் விளிம்புக்கு வந்திருந்தாள். ஆயிஷா எந்த மடையையும் அடைக்கவில்லை. முண்டாசுக்காரனை நடுவில் ஒரு சின்னப் பொந்து வெட்டவிட்டு, அதற்குள் நிறுத்தி, கையை எடுத்துவிட்டாள். எலிகள் நாலா பக்கமும் மொய்த்துக்கொண்டு வந்தன.

"அடியே ஆயிஷா, எலி. பின்னாடி எலி" என்று மாமி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பொறுங்கக்கா. இவன் ஒண்ணும் செய்யக் கூடாது. அதுக எல்லாம் உள்ள வரட்டும்."

எல்லாம் உள்ளே வந்ததும் இரண்டு விரலால் இரண்டு பொத்தானையும் ஒரே தட்டில் அமுக்கி, இரண்டு ஏரியையும் சேர்த்துத் திறந்தாள். இரு பக்கத்துத் தண்ணீரும் பொந்தின் வாயில் மோதி நின்று, கீழே இறங்கியது. எலி ஒன்றில்லை. பயிர் மொத்தமும் பச்சையாயிற்று. முண்டாசுக்காரன் நனையாமல் நின்றான். சுவர் அதிர்ந்தது, தெருக்கோடியிலிருந்துகூட விசில் வந்தது. அதற்கப்புறம் திரையில் நெல் அறுவடையாகி, பட்டறை பட்டறையாகக் களத்தில் மலைபோலக் குவிந்து, முண்டாசுக்காரன் முண்டாசை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு ஏரியைத் தாண்டினால் வருவது அவ்வளவுதான். ராசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமி எழுந்தாள். தீர்ப்பு வந்தது. நாளையிலிருந்து பரீட்சை முடிகிற வரை மதியத்தில் தான் இங்கேயே இருக்கப்போவதாகவும், உள் ரூம் வாசலில்தான் கட்டில் கிடக்கும் என்றும், ஃபஹ்மிதா அந்தப் பெட்டியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவதாகவும் சொன்னாள். பெட்டியைத் திரும்பப் பூட்டலாமா என்று ஆயிஷா கேட்டதற்கு, தெருச் சனத்தின் வயிற்றெரிச்சல் நமக்கெதற்கு, நீ விளையாடு என்றாள். அத்தாவிடம் போனில் சொல்லும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். ரெத்தினம் மட்டும், தன் சேனல் நிகழ்ச்சி என்று சொன்னதை யாரும் மறுக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் மதியம் ஃபஹ்மிதா உள் ரூமில் காந்தமும் மின்சாரமும் படித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே கட்டில் கிரீச்சிட்டது. கூடத்தில் டிவி ஊமையாகத்தான் ஓடியது. சுவருக்குள் டிங்கு டிங்கு என்றது. பாட்டைக் கேட்டே அம்மா எந்தக் கட்டத்தில் நிற்கிறாள் என்று அவளுக்குச் சொல்ல முடிந்தது.

"குத்தாலத்துக்குக் காலையில எத்தனை பஸ்சு?" என்று வெளியிலிருந்து மாமி கேட்டாள்.

ஃபஹ்மிதாவின் விரல் புத்தகத்தில் அப்படியே நின்றது. "ரெண்டு மாமி."

"எதுல பொம்பளப் புள்ளைங்க நெறய வரும்?"

"மொத பஸ்சுல."

"அப்ப வெள்ளன எழுந்திரிக்கணும்" என்றாள் மாமி. கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. சுவருக்குள் பாட்டு வேகமெடுத்தது. இரண்டு ஏரி நெருங்கிவிட்டது. மாமி கனைத்தாள்.

"நீங்க போய்ப் பாருங்க மாமி. நான் படிக்கிறேன்."

"படிக்கிறியா?"

"நெசமா படிக்கிறேன்."

கால் கொலுசே இல்லாத மாமியின் நடை கூடத்துப் பக்கம் ஓடுவது கேட்டது. ஃபஹ்மிதா சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஐயாவு, தன் மந்தக் காதுக்கும் கேட்கும்படி உரக்க, கீழ் மடையை அடைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.